பசியாறக் கடைக்கு, பகல் சோற்றுக்கு வீட்டுக்கு

சனிக்கிழமை இரவு ரயிலிலும் காரிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்கிவிட்டால், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வீடுகளில் ஞாயிறு காலைத் தலைக்கணக்கு 10, 12 என்று ஏறிவிடும். பக்கத்து வீட்டு நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் 14. எல்லாவற்றையும் வீட்டிலேயே ஆக்குவதா, எல்லாரையும் கடைக்கு அழைத்துப் போவதா என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பும். இரண்டும் சரியில்லை. காலையிலிருந்து வீட்டிலேயே ஆக்கினால், அடுப்படியில் நிற்பவருக்குப் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. மூன்று வேளையும் கடையிலேயே முடித்தால், அம்மா குழம்புக்காகக் கோலாலம்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு மனம் நிறையாது.

பிரித்துக்கொள்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தடித்த இரும்புக் கல், குறையாத சூடு, தினமும் நூறு தடவை செய்து பழகிய கை, இவை வேண்டிய பண்டங்களைக் கடையில் சாப்பிட வேண்டும். சின்னத் தீயும் நிறைய நேரமும் வேண்டியவற்றை வீட்டில் ஆக்க வேண்டும். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும், நுரை கட்டிய பால் தேநீரான தே தாரிக்கும் முதல் வகை. கோழிக் குழம்பு, ரசம், பிரட்டல் எல்லாம் இரண்டாம் வகை. ஆகவே காலை 8 மணிக்கு எல்லாரும் பசியாறக் கடைக்கு, பகல் 1 மணிக்கு வீட்டில் இலை. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருக்காது.

ஆனால் வேலை சனிக்கிழமையே தொடங்கிவிட வேண்டும். பாசாரில் 1.6 கிலோ எடையில் இரண்டு கோழி வாங்கி, எலும்போடு ஒவ்வொன்றையும் 16 துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கம்போங் கோழியா (நாட்டுக்கோழி), சாதாரணப் பண்ணைக் கோழியா என்பதை அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். பண்ணைக் கோழி 30 நிமிடத்தில் வெந்துவிடும். முட்டையிட்டு முற்றிய கம்போங் கோழிக்கு 1 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்று அது, ஒன்று இது என்று வாங்கி ஒரே சட்டியில் போட்டால், பண்ணைக் கோழி கரைந்து நாராகும் நேரத்தில் கம்போங் கோழி இன்னும் ரப்பர் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள்தூளும் உப்பும் கொஞ்சம் தடவி, மூடி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் இரத்தத்தண்ணீர் கீழே இருக்கும் காய்கறியில் சொட்டும்.

வெங்காய வேலையையும் சனி இரவே முடித்துவிடலாம். பெரிய வெங்காயம் அரை கிலோ, மெல்லிசாக நறுக்கியது. சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 60, இஞ்சி 60, மூன்றையும் சேர்த்து அரைத்த விழுது. அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றி அரைத்தால் மறுநாள் வதக்கும்போது தெறிக்காது, பச்சை வாடையும் சீக்கிரம் போய்விடும். தேங்காய்ப்பாலை மட்டும் முதல்நாளே வாங்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் பிழிந்த சந்தான் அரை நாளில் புளித்துவிடும். ஞாயிறு காலை கடையிலிருந்து திரும்பும் வழியில், தேங்காய் துருவும் கடையில் இரண்டு பெரிய தேங்காயைத் துருவி, தண்ணீர் விடாமல் பிழிந்து தரச் சொல்லுங்கள். சக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால் அதிலேயே கிடைத்துவிடும்.

சரி, கடை. ரொட்டி சானாயை வீட்டில் செய்யவே முடியாதா என்று கேட்டால், முடியும். 1 கிலோ கோதுமை மாவுக்கு உப்பு 15 கிராம், சீனி 30 கிராம், மார்ஜரின் 60 கிராம், முட்டை 1, தண்ணீர் 530 மில்லி. பத்து நிமிடம் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வைத்து, மறுபடி பிசைந்து, 80 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் 21 வரும். ஒவ்வொன்றின் மேலும் மார்ஜரின் தாராளமாகப் பூசி, குறைந்தது 4 மணி நேரம் ஊறவிட வேண்டும். இந்த ஊறலில்தான் காரியமே இருக்கிறது. பிசைந்த உடனே மாவு முறுக்கேறி நிற்கும். இழுத்தால் திரும்ப உள்ளே ஓடும், பலவந்தமாக இழுத்தால் கிழியும். ஊறியபிறகு அந்த முறுக்கு தளர்ந்து, மேசையில் இருக்கும் பூப்போட்ட விரிப்பு தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரியும். மேலே கொழுப்பு பூசாமல் விட்டால் தோல் காய்ந்து, அந்தக் காய்ந்த இடத்திலேயே ஓட்டை விழும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வீட்டில் இடறுவது கல்லில். கடைக் கல் விரல் அளவு தடிப்பு. அடுத்தடுத்து ஆறு ரொட்டி போட்டாலும் அதன் சூடு இறங்காது. வீட்டுத் தோசைக்கல்லோ ஒட்டாத சட்டியோ முதல் ரொட்டியிலேயே ஆறிவிடும். சூடு குறைந்தால் ரொட்டி அதிக நேரம் கல்லில் கிடக்கும், ஈரம் எல்லாம் போய் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். 12 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 24 ரொட்டி. வீட்டில் அது ஒன்றரை மணி நேர வேலை, முதல் ரொட்டி சாப்பிட்டவர் கடைசி ரொட்டிக்காரருக்குக் காத்திருக்க வேண்டும். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் அதே 24 ரொட்டி கால் மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிடும்.

நல்ல ரொட்டியை அடையாளம் காண்பது எளிது. கல்லிலிருந்து எடுத்ததும் ரொட்டி போடுபவர் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்குகிறாரா என்று பாருங்கள். சூட்டோடு அடித்தால் உள்ளே இருக்கும் ஆவி வெளியேறி, அடுக்குகள் பிரிந்து நிற்கும். அடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டால் அதே ஆவி திரும்ப மாவில் இறங்கி, ஐந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். அதனால் பெரிய கூட்டமாகப் போகும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். முதலில் 12, அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த 12. முதல் சுற்றை எதுவும் சேர்க்காத ‘கோசோங்’ ஆகவும், இரண்டாம் சுற்றை வேண்டியவர்களுக்கு முட்டை, வெங்காயம் என்று பிரித்தும் சொல்லலாம். குழந்தைகளுக்கு ‘பாஞ்சிர்’ சொல்லாமல் இருப்பது நல்லது. குழம்பை மேலே ஊற்றிக் கொண்டுவந்தால் காரம் கூடினாலும் பிரிக்க வழி இல்லை. தனிக் கிண்ணத்தில் டால்ச்சா என்ற பருப்புக் குழம்பை வாங்கி அதில் தொட்டுக் கொடுங்கள். சில கடைகளில் டால்ச்சாவில் ஆட்டு எலும்பு போடுவார்கள். விரதம் இருப்பவரோ சைவம் சாப்பிடுபவரோ மேசையில் இருந்தால் கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள்.

தே தாரிக்கும் கடைச் சரக்குதான். தூக்கி ஊற்றுவது வேடிக்கைக்கு இல்லை. கொதித்த தேநீரும் கெட்டிப்பாலும் ஒரு கை உயரத்திலிருந்து ஐந்தாறு தடவை இறங்கும்போது, நன்றாகக் கலந்து, நுரை கட்டி, வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். சீனி குறைக்க வேண்டியவர்கள் ‘கூராங் மானிஸ்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கலந்தபிறகு குறைக்க முடியாது. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குத் தே ஓ கோசோங். அதில் பாலும் இல்லை, சீனியும் இல்லை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை, அதாவது தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் இவற்றோடு பல இனத்தார் ஒன்றாக உட்கார்ந்து பசியாறும் பழக்கத்தை, மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பண்டத்துக்கு மட்டும் கிடைத்த மரியாதை இல்லை அது. மேசைக்கும் சேர்த்துக் கிடைத்தது. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய், வேலை ஓய்ந்து பசியாறியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மேசையின் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை.

9.30க்கு வீடு. இனி குழம்பு.

சட்டி அகலமாக, அடி கனமாக இருக்கட்டும். எண்ணெய் 150 மில்லி. நம் ஊரைச் சுற்றி விளைகிற செம்பனை எண்ணெயே போதும், சூடு நன்றாகத் தாங்கும். பட்டை இரண்டு துண்டு, அன்னாசிப்பூ 2, கிராம்பு 6, ஏலக்காய் 5, சோம்பு ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை மூன்று கொத்து. சோம்பு சிவந்ததும் நறுக்கிய வெங்காயம். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுவார்கள். நான்கு பேர் அளவுக்கு ஐந்தாறு நிமிடத்தில் சிவக்கும் வெங்காயம், அரை கிலோ போட்டால் முதலில் தண்ணீர் விட்டு வேகும். அந்தத் தண்ணீர் வற்றிய பிறகுதான் சிவக்கவே தொடங்கும். 15 நிமிடம் ஆகும். வெள்ளையாக இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிட்டால் குழம்பு இனித்து, நீர்த்துப் போகும். பிறகு எவ்வளவு மசாலை சேர்த்தாலும் அது தேறாது.

அரைத்த விழுதைப் போட்டு ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். இதற்குள் 120 கிராம் இறைச்சி மசாலைத்தூளை ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளோடு 200 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்திருக்க வேண்டும். பாபாஸோ அழகப்பாவோ, வீட்டில் திரித்ததோ, எதுவானாலும் அளவு 3 கிலோ கோழிக்கு இதுதான். தூளை அப்படியே சூடான எண்ணெயில் கொட்டினால் சில நொடியில் கருகி, குழம்பு முழுக்கக் கசப்பு ஏறிவிடும். கரைத்து ஊற்றினால் தண்ணீர் வற்றும்வரை கருகாமல் வேகும். தீயைக் குறைத்து 8 முதல் 10 நிமிடம். மசாலை சட்டியின் ஓரத்திலிருந்து விலகி, நடுவில் ஒரு கட்டியாகச் சேர்ந்து, ஓரத்தில் சிவப்பு எண்ணெய் ஒரு கோடு மாதிரி தெரியும். கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி இரண்டு நொடி தெரிந்துவிட்டு மெதுவாக மூடும். மணம் மாறுவதை மூக்கே சொல்லிவிடும், தூள் நெடி போய் வறுத்த மணம் வரும். அதுவரை அடுப்பை விட்டு நகராதீர்கள், போன் வந்தாலும்.

இப்போது தக்காளி 4, அது குழைந்ததும் கோழி, உப்பு இப்போதைக்கு இரண்டு மேசைக்கரண்டி. தண்ணீர் விடாமல் மூடி 10 நிமிடம். கோழியே தண்ணீர் விடும். பிறகு உருளைக்கிழங்கு 1 கிலோ, நான்காக வெட்டியது, இரண்டாம் பால் 700 மில்லி, நடுத்தீயில் 20 நிமிடம். நான்கு பேர் குழம்பை நான்கால் பெருக்கி 16 பேருக்கு வைக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். கோழியையும் மசாலையையும் நான்கால் பெருக்கலாம். தண்ணீரை மூன்றால்தான் பெருக்க வேண்டும். பெரிய சட்டியில் ஆவியாகிப் போவது அந்த அளவுக்கு இருக்காது. கல்யாண வீடுகளில் குழம்பு தண்ணீராகிப் போவதற்கு இதுதான் காரணம்.

கிழங்கு வேகாமல் கல்லாக நிற்கிறது என்பது அடிக்கடி கேட்கும் குறை. தக்காளியோ புளியோ அதிகமாக விழுந்திருக்கும். புளிப்பில் கிழங்கு மெதுவாகத்தான் வேகும். இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள், தீயைக் கூட்டாதீர்கள்.

கடைசியில் முதல் பால் 300 மில்லி. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். மசாலை வதங்கும்போது எண்ணெய் பிரிவது நல்லது. முதல் பால் ஊற்றியபின் பிரிவது கெட்டது. ஊற்றியபின் கொதிக்கவிட்டால் பால் திரிந்து, தயிர் மாதிரி வெள்ளைத் துகள் மிதக்கும். தீயை மிகக் குறைத்து, ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டு, ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்கிவிடுங்கள். மூட வேண்டாம், மூடினால் உள்ளே கொதி ஏறிவிடும். பெட்டியில் வரும் சந்தான் அவ்வளவு சீக்கிரம் திரியாது, அதில் அதற்கான சேர்மானம் இருக்கிறது. சுவையில் புதுப்பாலுக்கு அது ஈடில்லை என்பது என் முடிவு. திரிந்தே போய்விட்டால், வெந்த கிழங்கில் நாலைந்து துண்டை எடுத்து மசித்துக் கலந்துவிடுங்கள், பார்வைக்குச் சேர்ந்துவிடும். அடி பிடித்தால் சுரண்டாமல் மேல் குழம்பை வேறு சட்டிக்கு மாற்றுங்கள். உப்பு கூடிப்போனால் கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள், அது பெரிதாக உதவாது. இரண்டாம் பால் விட்டு நீட்டுவதே வழி. அதனால்தான் மீதி உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடச் சொல்கிறேன்.

இறக்கியபின் அரை மணி நேரம் குழம்பு அமர வேண்டும். அந்த நேரத்தில் ரசம். புளி 40 கிராம், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி மிளகு, ஒரு மேசைக்கரண்டி சீரகம், பூண்டு பத்துப் பல், எல்லாம் கொரகொரப்பாக இடித்தது. புளித்தண்ணீர் முதலில் தனியாகக் கொதித்துப் பச்சை வாடை போகட்டும். இடித்ததைப் போட்டபின் நுரை கூடி மேலே வந்ததும் நிறுத்த வேண்டும். கொதித்தால் மிளகு காரம் மட்டும் நின்று மணம் போய்விடும்.

பாகற்காய் வறுவல் இல்லாமல் இந்த நாட்டில் வாழையிலைச் சாப்பாடு கிடையாது. 3 மில்லிமீட்டர் வில்லை, உப்புப் போட்டுக் கால் மணி நேரம், பிறகு நன்றாகப் பிழிய வேண்டும். பிழியாததுதான் நமுத்துப் போகக் காரணம். அரிசிமாவும் மஞ்சள்தூளும் புரட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியுங்கள். ஒரே தடவையில் கொட்டினால் எண்ணெய் ஆறி, காய் எண்ணெயைக் குடிக்கும். முழுக்க ஆறியபின் டப்பாவில் போட்டால் மாலைவரை மொறுமொறு என்றிருக்கும். கோஸ் பொரியல், பயத்தங்காய்ப் பிரட்டல், அப்பளம், மோர் மிளகாய் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சோறு 12 பேருக்கு, ரைஸ் குக்கரோடு வரும் குவளையில் 8. ஒரு குவளை 180 மில்லி, சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். சாதாரண 1.8 லிட்டர் குக்கரில் 10 குவளைவரை ஆக்கலாம். புழுங்கல் பொன்னியாக இருந்தால் குக்கரை விட்டுவிட்டு, பெரிய சட்டியில் வேகவைத்து வடிப்பதே மேல். இலைச் சாப்பாட்டுக்குச் சோறு தனித்தனியாக உதிர வேண்டும். குழைந்த சோறு ரசம் விட்டதும் கஞ்சியாகிவிடும்.

இலையின் நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம். சாப்பிட்டு முடித்ததும் தன் பக்கமாக மடிப்பது வழக்கம். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டுக்கு. மலாய், சீன நண்பர்களுக்கு இதை முதலிலேயே மெல்லச் சொல்லிவிடுங்கள், பலர் ஆசையாகக் கேட்டுக்கொள்வார்கள். மலாய் நண்பர்களை வீட்டுக்கு அழைக்கும்போது ஹலால் கோழி வாங்கினால் போதும் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. சட்டி, கரண்டி பற்றியும் சிலருக்கு எண்ணம் இருக்கும். நேராகக் கேட்பது மரியாதை. தயக்கம் தெரிந்தால் அந்த விருந்தை ஹலால் சான்றிதழ் உள்ள கடைக்கு மாற்றிவிடுங்கள், நட்பு நிற்கும். சாதாரண நாளில் நண்பர்களோடு கடையில் வாழையிலை சாப்பிடப் போனால் 11.45க்குப் போய் உட்காருங்கள். காய்கள் அப்போதுதான் இறக்கியிருப்பார்கள். 1.30க்கு அதே பொரியல் வாடியிருக்கும். காய்களும் சோறும் குழம்பும் இலைக் கணக்கில் வரும். நண்டு, இறால், மீன்தலை தனிக் கணக்கு. எடைக்கு விலை என்றால் தட்டை மேசையில் வைக்குமுன்பே எத்தனை வெள்ளி என்று கேட்டுவிடுங்கள். 10 பேருக்கு மேல் என்றால் முதல்நாளே போன் செய்து சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குடும்பம் மூன்று மேசையாகப் பிரிந்து உட்காரும், வந்ததன் நோக்கமே போய்விடும்.

பகல் சாப்பாடு முடிந்ததும் எல்லாருக்கும் கண் செருகும். அதற்குள் மிச்சக் குழம்பை ஒழுங்கு செய்யுங்கள். தேங்காய்ப்பால் குழம்பு பெரிய சட்டியில் மூடிக் கிடந்தால் மாலைக்குள் கெட்டுவிடும். ஓரத்தில் சிறு குமிழியும் புளித்த வாடையும் வந்துவிட்டால், திரும்பக் கொதிக்கவைத்துத் தப்பிக்க முடியாது, கொட்டிவிட வேண்டும். அகலப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போகட்டும். மிச்சச் சோறும் அப்படித்தான். வேகவைத்தும் சாகாத கிருமி வித்து சோற்றில் இருக்கிறது. வெளியில் கிடந்தால் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

மாலை புறப்படுகிறவர்களுக்குக் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் சூடாகக் கட்டித் தராதீர்கள். நன்றாகக் குளிர்ந்ததை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்து அனுப்புங்கள். கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை கெடாது. வீட்டில் நிற்கும் மீதியை மறுநாள் காலை சின்னத் தீயில் அரை மணி நேரம் வற்றவிடுங்கள். கோழி உதிர்ந்து, கிழங்கு கரைந்து, எண்ணெய் மிதக்க, கருஞ்சிவப்பில் சுண்டி வரும். அடுமனை ரொட்டியான ரொட்டி பெங்காலியைத் தடிப்பாக வெட்டிக் கல்லில் லேசாக வாட்டி, தொட்டுச் சாப்பிடுங்கள். அடிச்சட்டியில் ஒட்டியிருப்பதை வழிக்க ஒரு துண்டு மிச்சம் வையுங்கள்.